ஆடு நின்றுகொண்டிருந்தபோது

ஒரு தாயின் கோபத்துக்கு எங்கள் ஊரில் விலை உண்டு. நான் சொல்லும் வருஷத்தில் அது கொழுத்த வால் உள்ள ஒரு செம்மறி ஆடு, இருபதாயிரம் சோம் ரொக்கம், அம்மாவுக்கு ஒரு கம்பளிக் கோட்டு. பெண்ணின் தகப்பன் உயிரோடு இருந்து, அவன் தம்பிமாரில் ஒருத்தன் போலீசிலும் இருந்துவிட்டால் ஆடு குதிரையாகிவிடும். தாய் விதவை என்றால் கோட்டை மெல்லக் கழற்றிவிடலாம், ரொக்கத்திலும் கொஞ்சம் தட்டலாம். கல்யாணம் கட்டுவதற்காகப் பெண்ணைத் தூக்கிக்கொண்டு போன வீட்டார், அன்றைக்கே பெண்ணைப் பெற்றவர்கள் வீட்டுக்கு இதையெல்லாம் கொண்டுபோய் வைத்துத் தலைகுனிந்து நிற்க வேண்டும். கோபம் அமர்த்துவது என்று அதற்குப் பெயர். பெற்றவர்கள் ஆட்டை ஏற்றுக்கொண்டு அறுத்துவிட்டால் கோபம் அமர்ந்துவிட்டது, பெண் அந்த வீட்டு மருமகள். ஆடு நிற்கும் வரைதான் மறுபேச்சு. சட்டம் இதைக் குற்றம் என்கிறது. சட்டம் தலைநகர் பிஷ்கெக்கில் இருக்கிறது. அங்கிருந்து எங்கள் ஊருக்கு வேன் ஒன்றரை மணி நேரம் எடுக்கும், அதுவும் ஆள் நிறைந்தால்தான் கிளம்பும்.

விலை இருந்தால் பேரம் இருக்கும், பேரத்துக்கு ஒரு வாய் வேண்டும். எங்கள் சந்தையில் அந்த வாய் ஷர்ஷெனுடையது. சீனாவிலிருந்து சரக்கு வந்த இரும்புப் பெட்டிகளை வரிசையாக நிறுத்தி, கதவு வைத்து, கடை என்று சொல்லிக்கொள்ளும் சந்தை எங்களுடையது. கம்பள வரிசையில் மூன்றாவது பெட்டி அவருக்கு. ஷர்ஷென் விலை சொல்ல மாட்டார். வந்தவர் சொல்லும் விலையைக் கேட்டு முகம் வாடி, "வீட்ல எல்லாரும் சௌக்கியந்தானே?" என்று விசாரிப்பார். வீட்டில் ஏதோ பெரிய கஷ்டம், இல்லாவிட்டால் இந்த நல்ல மனிதர் இப்படியொரு விலை சொல்வாரா என்ற பாவனை. வந்தவர் கூச்சப்பட்டுத் தானே ஐந்நூறு ஏற்றிக்கொள்வார். பெண் கேட்கப் போகிறவர்கள், வாய்க்கால் தகராறு தீர்க்கப் போகிறவர்கள், கோபம் அமர்த்தப் போகிறவர்கள் எல்லாரும் அவரைத்தான் முன்னால் விட்டுப் பின்னால் நடப்பார்கள்.

பத்து வருஷத்துக்கு முன்னால் அந்த வாய் பெரும்பாலும் வோட்காவுக்குத்தான் திறந்தது. ஒரு ஜனவரியில் கால்வாய் ஓரம் விறைத்துக் கிடந்தவரை, தையல் மெஷின் சாமான் விற்கும் எசென்குல் தோளில் போட்டுத் தன் வீட்டுக்குக் கொண்டுபோனார். குளிர் போகும் வரை வைத்திருந்து கஞ்சி ஊட்டினார். வாந்தியைத் தன் கையால் துடைத்தார். எசென்குல் கிறிஸ்தவர். சந்தைக்குப் பின்னால், முன்பு செருப்புத் தைக்கும் கடையாக இருந்த ஓர் அறையில் நாற்பது பேர் ஞாயிறுதோறும் கூடுவார்கள். அந்த ஜெபவீட்டுக்கு அவர்தான் மூப்பர். அடுத்த கோடையில் அதே கால்வாயில் ஷர்ஷென் ஞானஸ்நானம் எடுத்தார். "முதல் தடவை நானா விழுந்தேன். ரெண்டாம் தடவை எசென்குல் அண்ணன் புடிச்சு முக்கினாரு," என்பார். அதற்குப் பிறகு அவர் குடித்து யாரும் பார்க்கவில்லை.

அக்டோபரில் ஒரு வியாழக்கிழமை, சந்தை சூடுபிடித்த நேரத்தில் எசென்குல் போன் செய்தார்.

"ஷர்ஷென், கடையைச் சாத்திட்டு வீட்டுக்கு வா. உன் வாய் வேணும்."

"யாருக்கு அண்ணே?"

"நமக்குத்தான்."

எசென்குல் வீட்டு வாசலில் அவருடைய மகன் உலார்பெக் நின்று சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தான். இருபத்தாறு வயசு, நிலையான வேலை இல்லை. இரண்டு நண்பர்கள் பக்கத்தில். ஷர்ஷெனைப் பார்த்ததும் சிகரெட் முதுகுக்குப் பின்னால் போனது. கன்னத்தில் நாலு கோடு சிவப்பாக இருந்தது.

"என்னடா, பூனை வளக்கிறியா?" என்றார் ஷர்ஷென்.

நண்பர்கள் சிரித்தார்கள். உலார்பெக் சிரிக்கவில்லை. "உள்ள போங்க சித்தப்பா," என்றான்.

உள்ளே கூடத்தின் வாசற்படியில் ஒரு தலையணை போட்டு எசென்குலின் அக்கா கைஷா குறுக்கே படுத்திருந்தாள். எழுபது வயசு. முதிய பெண்ணைத் தாண்டிப் போகிற பெண் நல்லபடி வாழ மாட்டாள் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. கதவைப் பூட்டுவதைவிட இது உறுதி.

"அக்கா, ஒடம்புக்கு என்ன?"

"ஒடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. நீ தாண்டிக்கோ, ஆம்பளைக்குத் தோஷம் இல்ல." கைஷாவும் ஷர்ஷெனோடு அதே கோடையில், அதே தண்ணீரில் ஞானஸ்நானம் எடுத்தவள்தான்.

மூலையில் வெள்ளைத் திரை கட்டியிருந்தது. திரைக்குள் நாலு பெண்கள் ஒருத்தியைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி கையில் வெள்ளை முக்காட்டுத் துணி; அது தலையில் ஏறிவிட்டால் பெண் சம்மதித்த மாதிரி. நடுவில் இருந்தவள் முகத்தை ஷர்ஷென் பார்த்தார். வாசலில் தான் சொன்ன பூனை வேடிக்கை அவருக்கு நினைவு வந்தது.

அது பெகிமாய். அவர் கடைக்கு மூன்று பெட்டி தள்ளி நூலும் பொத்தானும் விற்கும் விதவை உல்கானின் ஒரே மகள். நர்சிங் பள்ளியில் இரண்டாம் வருஷம். சின்ன வயசில் பள்ளிக்கூடம் விட்டதும் ஷர்ஷென் கடையில் சுருட்டி வைத்த கம்பளத்தின் மேல் ஏறி உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். "கீழ இறங்குடி, அது மூவாயிரம் சோம்," என்பார் இவர். "நான் உக்காந்தா நாலாயிரம்," என்பாள் அவள். தாயும் மகளும் ஜெபவீட்டில் மூன்றாவது வரிசை.

பெகிமாய் எழுந்து நின்றாள். முடி கலைந்திருந்தது, ஒரு காலில் மட்டும் ஷூ.

"மாமா. நீங்கதான் எங்கம்மாகிட்ட போறீங்களா?"

"ஆமாம்மா."

"அப்ப சரி. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. நான் சம்மதிக்கலன்னு சொல்லுங்க. வேற எதுவும் வேணாம். அது தெரிஞ்சா அம்மா ஆட்டைத் தொட மாட்டாங்க, நேரா இங்க வந்துருவாங்க. இருட்டறதுக்குள்ள வரணும். ராத்திரி இங்க தங்கிட்டேன்னா அப்புறம் நான் என்ன சொன்னாலும் ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. போனைப் புடுங்கிட்டாங்க மாமா."

"எல்லாரும் முதல்ல அழத்தாண்டி செய்வாங்க," என்றாள் முக்காட்டை வைத்திருந்தவள். "நான் அழுதேன். உங்கம்மா அழுதா. கைஷா அக்கா மூணு நாள் சாப்பிடாம அழுதாங்களாம். இப்ப பாரு, எப்படி வாசல்ல படுத்திருக்காங்க."

வாசலிலிருந்து கைஷா, "மூணு இல்லடி, ரெண்டு," என்றாள்.

"மாமா, சொல்வீங்கள்ல?"

"சொல்றேம்மா," என்றார் ஷர்ஷென். சத்தமாகத்தான் சொன்னார். அங்கிருந்த எல்லார் காதிலும் விழுந்தது.

எசென்குல் அவரைச் சமையலறைக்குக் கூட்டிப்போனார். அவர் மனைவி கிண்ணத்தில் டீ ஊற்றி வைத்துவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

"நான் சொல்லிக் குடுத்துச் செய்யல," என்றார் எசென்குல். "காலைல பஸ் ஸ்டாப்ல தூக்கி வண்டில போட்டுக் கொண்டாந்து நிறுத்திட்டான். நான் என்ன பண்ணுவேன்?"

"திருப்பி அனுப்பிருங்கண்ணே. வண்டி வாசல்லதான் நிக்குது. நானே கொண்டுபோய் விடறேன்."

"தெரு பூரா பாத்தாச்சு, ஷர்ஷென். திரும்பிப் போன பொண்ணை எவன் கட்டுவான்? அவ வாழ்க்கையும் போச்சு, எங்க மானமும் போச்சு. அதை விடு. ஜெபவீட்டு மூப்பரோட மகன் பொண்ணு தூக்கினான், பொண்ணு ஓடிருச்சுன்னு நாளைக்கு ஊரு பேசும். நம்ம கதவுல பூட்டுப் போட எத்தனை பேர் காத்துக்கிட்டிருக்காங்கன்னு உனக்குத் தெரியாதா? இவனும் ஒரு பொண்ணு வந்தா திருந்துவான். நாம எல்லாத்தையும் ஒழுங்கா செய்வோம். வோட்கா கிடையாது. ஜெபம் பண்ணிட்டுக் கிளம்புவோம். அடுத்த வாரம் ஜெபவீட்லயே மோதிரம், ஆசீர்வாதம்."

எங்கள் விசுவாசிகள் பிழைபட்டது இந்த இடத்தில்தான். பழைய வழக்கத்திலிருந்து வோட்காவை வடிகட்டிவிட்டால் மிச்சம் கிறிஸ்தவம் என்று நினைத்தார்கள்.

"அவ சம்மதிக்கலன்னு சொல்லச் சொல்றாண்ணே."

"சொல்றா. எனக்கும் காது இருக்கு." எசென்குல் குரலைத் தாழ்த்தினார். "நான் உன்னைப் பொய் சொல்லச் சொல்வேனா? நீ ஒரு பொய்யும் சொல்ல வேணாம். அதை மட்டும் சொல்லாம இரு. அவ்வளவுதான்."

"உல்கான் அக்கா நேரா கேட்டா?"

"உன்கிட்ட கேள்வி கேட்டு ஜெயிச்சவங்க நம்ம சந்தைல யாரு இருக்காங்க?"

சொல்லிவிட்டு எசென்குல் அவர் தோளில் கை வைத்தார். கால்வாயைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேச அவசியமும் இருக்கவில்லை. தன்னைச் சுமந்த அந்தக் கையின் கனத்தை ஷர்ஷெனுக்குப் பத்து வருஷமாகத் தெரியும்.

வேனில் ஆட்டோடு ஜெபவீட்டுச் சகோதரர்கள் இரண்டு பேர் காத்திருந்தார்கள். எசென்குல் வண்டிக்குள்ளேயே கண்ணை மூடி ஜெபம் பண்ணினார். ஆமென் சொன்னதும் ஆடு கத்தியது. இரண்டு சகோதரர்களும் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள்.

உல்கான் வீட்டுக்குச் சேதி முன்னாலேயே போய்விட்டது. செத்துப்போன அவள் கணவனின் அண்ணன் பைசால், தன் மகன்களோடு வந்து விரிப்பில் நல்ல இடமாகப் பார்த்து உட்கார்ந்திருந்தார். தம்பி சாவுக்கு வந்தவர் அதற்கப்புறம் இப்போதுதான் வருகிறார். உல்கான் உட்காரவில்லை. அடுப்புப் பக்கத்தில் சாய்ந்து நின்றாள். தலைத்துணியைக் கட்டக்கூட மறந்திருந்தாள்.

"குற்றம் எங்களுது," என்று வழக்கப்படி தொடங்கினார் ஷர்ஷென். "குனிஞ்ச தலையை வெட்ட மாட்டீங்கன்னு நம்பி வந்திருக்கோம்."

"தலை இருக்கட்டும். இது என்ன?" பைசால் ஜன்னல் வழியாக முற்றத்தைக் காட்டினார். "பொண்ணு நர்ஸ் ஆகப்போறா. நர்சுக்கு இந்த ஆடா? இது ஆடா முயலா?"

"பைசால் அண்ணே, நீங்க முன்பக்கம் மட்டும் பாத்துட்டீங்க. இதோட வாலுக்குத் தனியா டிக்கெட் கேட்டான் வேன்காரன்."

பைசாலின் மகன்கள் சிரித்தார்கள். பைசாலும் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்போடு ஷர்ஷெனுக்குள் இருந்த வியாபாரி விழித்துக்கொண்டான். ரொக்கம் பதினைந்தில் தொடங்கிப் பதினெட்டில் நின்றது. கோட்டைப் பற்றிப் பைசால் கேட்டபோது, "அக்கா தோள் அளவு பாக்காம வாங்கிட்டு வந்தா அது கோட்டா மூட்டையா? அளவு எடுத்துட்டுப் போகத்தானே வந்திருக்கோம்," என்றார். கோட்டும் கழன்றது. அந்தக் கால் மணி நேரம் தான் எதற்கு வந்தோம் என்பது அவருக்கு நினைவில்லை. நல்ல வியாபாரிக்கு வரும் வியாதி இது. பேரம் சூடாகிவிட்டால் சரக்கு என்னவென்று மறந்துவிடும்.

உல்கான் அடுப்பிலிருந்து திரும்பினாள்.

"ஷர்ஷென், நீ அவளைப் பாத்தியா?"

"பாத்தேங்க்கா."

"என் பொண்ணு என்ன சொன்னா?"

ஷர்ஷென் வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. சந்தையில் யாருமே பார்க்காத காட்சி அது. அவர் கண் எசென்குல் பக்கம் போனது. எசென்குல் கண்ணை மூடி ஜெபம் பண்ணுகிறவர் போல உட்கார்ந்திருந்தார்.

"நல்லா இருக்காக்கா," என்றார் ஷர்ஷென். "டீ குடிச்சா. அடி எதுவும் படல."

எல்லாம் உண்மை. பெகிமாய் ஒரு வாய் டீ குடித்திருந்தாள்.

"கடுதாசி ஏதும் குடுத்தாளா?" சம்மதித்த பெண் தாய்க்கு இரண்டு வரி எழுதி அனுப்புவது வழக்கம்.

"வீடு பூரா கூட்டம். அந்த நெரிசல்ல பேனாவை யாருக்கா தேடறது."

அவர் அன்றைக்குச் சொன்னதிலேயே பொய்க்கு மிக நெருக்கமாக உரசிக்கொண்டு போன வார்த்தை அதுதான்.

உல்கான் அவர் முகத்தையே பார்த்தாள். எங்கள் பக்கத்தில் தூக்கிப்போவதில் பாதி, பையனும் பெண்ணும் முன்கூட்டியே பேசி வைத்து நடத்துவதுதான். கல்யாணச் செலவு மிச்சமாகும். அவள் மனசு அந்தப் பக்கம் போவது முகத்தில் தெரிந்தது.

"அப்ப அவனை அவளுக்கு முன்னாடியே புடிச்சிருக்கு," என்றாள் மெல்ல. "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல பாரு. சரி. புடிக்கலன்னா நீ சொல்லியிருப்பே. உன் கம்பளத்து மேல வளந்த புள்ளை. நீ விசுவாசி வேற, மறைக்க மாட்டே."

ஷர்ஷென் விரிப்பைப் பார்த்தார். அவர் கடையில் வாங்கிய விரிப்பு.

பைசால் மகனுக்குக் கண் காட்டினார். மகன் எழுந்து முற்றத்துக்குப் போனான். அறுப்புக்கு முன்னால் செய்யும் வழக்கப்படி எல்லாரும் கை ஏந்தி முகத்தைத் தடவிக்கொண்டார்கள். உல்கான் ரொட்டியைப் பிய்த்து நடுவில் வைத்தாள். வெளியே சகோதரர்களில் ஒருவன் போனில், "வாங்கிட்டாங்க. ஆமா, சந்தோஷமாத்தான்," என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

திரும்பும் வழியில் வேனில் ஒரே கலகலப்பு. "கோட்டை எப்படிண்ணே அவ்வளவு பதமா கழட்டினீங்க?" என்றான் ஒருவன். "அண்ணன் நெனச்சா அந்த ஆட்டையே திருப்பி வாங்கிட்டு வந்திருப்பாரு," என்றான் இன்னொருவன். பாப்ளார் மரங்கள் தொடங்கும் திருப்பத்தில் ஷர்ஷென், "நிறுத்து," என்றார்.

"என்னாச்சு? வயிறா?"

"ஆமா. வயிறுதான்."

எசென்குல் அவரைப் பார்த்தார். புரிந்ததா இல்லையா தெரியாது. இறங்க விட்டார்.

ஷர்ஷென் ஓடினார். ஐம்பது தாண்டியவர், வாழ்நாள் முழுக்கக் கம்பளத் தூசி தின்ற நுரையீரல். பாதி தூரம் ஓட்டம், பாதி தூரம் மரத்துக்கு மரம் பிடித்து நடை. அவர் உல்கான் வீட்டுக்குள் நுழைந்தபோது வேலியில் தோல் தொங்கிக்கொண்டிருந்தது. பைசாலின் மகன்கள் குடலைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். கொப்பரையில் தண்ணீர் கொதித்தது. உல்கான் கையில் நுரை எடுக்கும் கரண்டி.

"அக்கா, அவ சம்மதிக்கல," என்றார் ஷர்ஷென். மூச்சு வாங்கியது. "உங்ககிட்ட சொல்லச் சொன்னா. அது ஒண்ணைத்தான் சொல்லச் சொன்னா. இருட்டறதுக்குள்ள வந்து கூட்டிட்டுப் போகச் சொன்னா."

உல்கான் கரண்டியைக் கொப்பரை விளிம்பில் வைத்தாள். அது நழுவி உள்ளே விழுந்தது. அவள் எடுக்கவில்லை.

"நான் உன்னைக் கேட்டப்ப ஆடு நின்னுக்கிட்டிருந்துச்சு, ஷர்ஷென்."

ஷர்ஷென் வேலியில் தொங்கிய தோலைப் பார்த்தார்.

"இப்ப என்னய்யா சொல்றே?" என்றார் பைசால். "தோலைத் திரும்ப மாட்டி, எழுப்பி ஓட்டிவிடச் சொல்றியா? வாங்கியாச்சு, அறுத்தாச்சு. பாதி ஊருக்குச் சொல்லியாச்சு. உல்கான், போய் நின்னு எங்க மானத்தை வாங்காதே. அங்க போனேன்னா இனிமே என் தம்பி பேரைச் சொல்லிக்கிட்டு என் வாசப்படி மிதிக்காதே."

உல்கான் வீட்டுச் செருப்போடு தெருவில் இறங்கிவிட்டாள். பக்கத்து வீட்டுக்காரர் காரை எடுத்தார். வழியெல்லாம் அவள் வெயில் மலை மேல் எவ்வளவு மிச்சம் இருக்கிறதென்றே பார்த்துக்கொண்டு வந்தாள். நிறைய மிச்சம் இருந்தது. ஷர்ஷெனுக்கு அதைப் பார்த்து நம்பிக்கைகூட வந்தது.

எசென்குல் வீட்டு வாசற்படியில் யாரும் படுத்திருக்கவில்லை. கைஷா எழுந்து கூடத்தில் சம்மணம் போட்டு, பொரித்த மாவுத் துண்டை டீயில் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தலையணையைச் சுவரோரம் வைத்திருந்தாள். காவலுக்கு இனி ஆள் வேண்டாம் என்று ஷர்ஷெனுக்கு அங்கேயே புரிந்தது.

திரைக்குள் பெகிமாய் மட்டும் இருந்தாள். தலையில் வெள்ளை முக்காடு. யாரோ முடியைச் சீவிப் பின்னியிருந்தார்கள். அவள் கையைத் தொடைக்குக் கீழே வைத்து உட்கார்ந்திருந்தாள்.

"எழுந்திரு," என்றாள் உல்கான். "போலாம் வா."

"ஆட்டை வாங்கிட்டீங்கன்னு சொன்னாங்க."

"எனக்குத் தெரியாதுடி. இவன் சொல்லல. இப்பதான் வந்து சொன்னான்."

பெகிமாய் நிமிர்ந்து ஷர்ஷெனைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் அவர் பிழைத்திருப்பார். கணக்குப் பாடத்தில் விடை எங்கே தப்பியது என்று தேடுகிற பார்வை அது.

"நீங்க சொல்லியிருப்பீங்கன்னுதான் நான் நெனச்சேன் மாமா," என்றாள். "மாமா சொல்லிட்டாரு, தெரிஞ்சேதான் அம்மா வாங்கிட்டாங்கன்னு நெனச்சேன். அதான் துணியைப் போட்டப்ப நான் எடுக்கல."

"பரவால்ல. இப்ப எடுத்துட்டா ஆச்சு." உல்கான் முக்காட்டை உருவினாள்.

"போன் வந்ததும் எல்லாரும் வெளிய போய்க் கதவைச் சாத்திட்டாங்கம்மா."

உல்கான் கையில் துணி அப்படியே நின்றது.

"அவன் மட்டும் உள்ள இருந்தான்," என்றாள் பெகிமாய். "நான் கத்தினேன். கைஷா பாட்டி வெளியில பாட்டுப் பாடினாங்க. ஜெபவீட்டுப் பாட்டு." பிறகு தாயின் கையிலிருந்து துணியை வாங்கி, மடிப்பு நீவித் தானே தலையில் போட்டுக்கொண்டாள். "நீங்க போங்கம்மா. வீட்ல ஆளுங்க இருக்காங்க. சாப்பாடு போடணும்ல."

உல்கான் போகாமல் மகள் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். உலார்பெக் வந்து, "அத்தை, டீ," என்று கிண்ணத்தை நீட்டினான். கன்னத்தில் கோடுகள் இன்னும் கூடியிருந்தன. யாரும் வாங்காததால் கிண்ணத்தைத் தரையில் வைத்துவிட்டுப் போனான்.

வெயில் அப்போதும் மிச்சம் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஜெபவீட்டில் மூன்றாவது வரிசையில் இரண்டு இடம் காலியாக இருந்தது. அவற்றில் ஒன்று பெகிமாயுடையது. அவள் இப்போது முதல் வரிசையில் உலார்பெக் பக்கத்தில். எசென்குல் புதுத் தம்பதிக்காக ஜெபம் பண்ணத் தொடங்கினார். ஷர்ஷென் எழுந்தார்.

"அண்ணே, ஜெபத்துக்கு முன்னாடி நான் ஒண்ணு சொல்லணும்."

"அப்புறம் சொல்லலாம், ஷர்ஷென்."

"அப்புறம்னுதான் அன்னைக்கும் விட்டேன். போன மாசம் நீங்கதானே இதே இடத்துல நின்னு சொன்னீங்க? நல்லது எதுன்னு தெரிஞ்சும் செய்யாம நிக்கிறவன், கெட்டது செஞ்சவனுக்கு ஒண்ணும் குறைஞ்சவன் இல்லன்னு. அந்தப் பொண்ணு வேணாம்னு சொன்னதை நான் கேட்டேன். நீங்க கேட்டீங்க. இங்க உக்காந்திருக்கிற நாலு பேர் வீட்டுப் பொம்பளைங்க கேட்டாங்க. நாம யாரும் அடிக்கல, யாரும் தூக்கல. வாயை மட்டும் மூடிக்கிட்டோம். அது போதுமா இருந்துச்சு."

முக்காட்டை வைத்திருந்த பெண்தான் முதலில் பாட்டை எடுத்தாள். பின்னால் ஒவ்வொருவராகச் சேர்ந்தார்கள். நாற்பது பேர் பாடும்போது ஒருத்தர் பேசுவது, கம்பளத்தின் மேல் நடக்கிற பூனை மாதிரி, தடமே தெரியாது. ஷர்ஷென் கடைசிச் சரணம் வரை நின்றுகொண்டே பேசினார். உதடு அசைவது மட்டும் தெரிந்தது. பெகிமாயும் பாடினாள்.

வெளியே எசென்குல் அவரைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. அந்த மனிதரின் கண்ணீர் வேஷம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"உன்னைக் கால்வாயிலேருந்து தூக்கினப்ப நான் யோசிச்சேனா ஷர்ஷென்? உனக்கு நான் என்ன கெடுதல் பண்ணேன்?"

"அன்னைக்கு நீங்க என்னை விட்டுட்டுப் போயிருந்தா ஒருத்தன்தாண்ணே செத்திருப்பான்," என்றார் ஷர்ஷென். "அதைத்தான் நெனச்சுக்கிட்டிருக்கேன்."

அன்று சாயங்காலம் அவர் உல்கானைத் தேடிப் போனார். கதவு திறக்கவில்லை. ஜன்னல் வழியாக, "புகார் குடுங்கக்கா, நான் எங்க வேணும்னாலும் வந்து சொல்றேன்," என்றார். உள்ளே இருந்து குரல் வந்தது: "அவ என்னைக் கையெடுத்துக் கும்பிட்டு வேணாம்னா. இனிமே எதுவும் தெரிய வேணாமாம், யாருக்கும். நீ போய் எதை வேணும்னாலும் சொல்லு. உனக்குத்தான் இப்ப பேச்சு வருதே."

அவர் போலீஸ் நிலையத்துக்கு நடந்தே போய்த் தனியாக எழுதிக் கொடுத்தார். இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டார்கள். விசாரணை அதிகாரி முப்பது வயசுக்காரர், சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டே பேசினார். கெட்டவர் என்று சொல்ல முடியாது. நாற்காலி போட்டார், டீயும் சொன்னார்.

"அந்த வீட்ல பொண்ணு வேணாம்னு சொன்னப்ப யார் யாருண்ணே இருந்தாங்க?"

"பொம்பளைங்க நாலு பேர். வாசல்ல கைஷா. எசென்குல், அவர் சம்சாரம். உலார்பெக், அவன் கூட்டாளிங்க ரெண்டு பேர். நான்."

"பதினொண்ணு." ஒரு தாளில் எழுதினார். "எல்லாரையும் விசாரிச்சுட்டேன். யாருக்கும் அப்படி எதுவும் காதுல விழல. பொண்ணும் புருஷனோட வந்துச்சு. தானா வந்தேன்னு சொல்லிக் கையெழுத்துப் போட்டுட்டுப் போச்சு. அம்மா புகார் இல்லங்கறாங்க." பதினொன்றுக்குக் கீழே பத்து என்று எழுதிக் கோடு போட்டார். "மிச்சம் நீங்க. கோர்ட்ல உங்களை முதல்ல என்ன கேப்பாங்க தெரியுமா? ஆட்டைக் கொண்டுபோய்ப் பேசி முடிச்சது யாருன்னு கேப்பாங்க."

"நான்தான்," என்றார் ஷர்ஷென்.

"அப்ப இதுவும் போச்சு," என்று அதிகாரி அந்த ஒன்றையும் அடித்தார். தாளை மடித்து, அதிலேயே விதைத் தோலைத் துப்பிக்கொண்டார்.

கேட்டவர்கள் பதினோரு பேர். கேட்கவில்லை என்றவர்கள் பத்து. செல்லாதவர் ஒருவர். வரவு ஒன்றுமில்லை. பெகிமாய், வயசு பத்தொன்பது, பாக்கி.